18 தடவை பறந்த 'பழைய' ராக்கெட்டில் இந்திய செயற்கை கோள்! நள்ளிரவில் 34 நிமிட 'திக்... திக்...'

2024-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி. நள்ளிரவு மணி 12 தாண்டி ஒரு நிமிடம்.

சென்னை நகரம் தூங்கிக் கொண்டிருந்தது. கடைகளுக்கு ஷட்டர் இறக்கி வெகு நேரம் ஆகி விட்டது.

அதே நேரத்தில் அமெரிக்காவில் பட்டப்பகல்! புளோரிடா மாநிலத்தில் உள்ள கேப் கனவரல் கடற்கரையில் பகல் 1 மணி 31 நிமிடம். அங்கே தேதி இன்னும் 18 தான்.

"3... 2... 1..."

நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட் எழும்பியது. உயரம் 70 மீட்டர். நம்ம மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தை விட உயரம். அதன் உச்சந்தலையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது ஓர் இந்திய செயற்கை கோள். பெயர் 'ஜிசாட்-என் 2'. 'ஜிசாட்-20' என்றும் சொல்வார்கள். எடை 4 ஆயிரத்து 700 கிலோ.

செயற்கை கோள் புத்தம் புதுசு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போன ராக்கெட்டின் அடிப்பாகம்?

பழசு!

ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அல்ல. அதற்கு முன்பே 18 தடவை வானத்துக்குப் போய் விட்டுத் திரும்பி வந்த 'சரக்கு' அது. இது அதற்கு 19-வது சவாரி!

'வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?'

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்பார்?

"வண்டி எவ்வளவு ஓடியிருக்கு? என்ஜினில் கை வச்சிருக்காங்களா? எப்.சி. இருக்கா?"

அந்தக் கேள்விகளை இந்த ராக்கெட்டைப் பார்த்தும் கேட்கலாம். பதிலும் கிடைக்கும்.

ராக்கெட்டின் பெயர் 'பால்கன்-9'. அமெரிக்காவில் உள்ள 'ஸ்பேஸ் எக்ஸ்' என்ற தனியார் கம்பெனியின் தயாரிப்பு. அதன் அடிப்பாகத்துக்கு 'பூஸ்டர்' என்று பெயர். ஒவ்வொரு பூஸ்டருக்கும் பஸ், லாரிக்கு இருப்பது போல ஒரு நம்பர் உண்டு. இதன் நம்பர் 'பி 1073'.

முதல் சவாரி 2022-ம் ஆண்டு மே மாதம். அதில் இருந்து இரண்டரை ஆண்டுக்குள் 18 தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 50 நாளைக்கு ஒரு தடவை!

அந்த 18-ல் 13 தடவை, அந்தக் கம்பெனியின் சொந்த இன்டர்நெட் செயற்கை கோள்களை ஏற்றிச் சென்றது. 2022 டிசம்பரில் ஜப்பான் கம்பெனி ஒன்றின் சந்திரனில் இறங்கும் கலத்தைக் கொண்டு போனது. 2023 மார்ச்சில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு உணவும் சாமான்களும் கொண்டு போனது.

ஒவ்வொரு தடவையும் சரக்கை இறக்கி விட்டுத் தானாகவே திரும்பி வந்தது.

ஏன் அமெரிக்காவுக்குப் போனது?

"நம்மகிட்டயே ராக்கெட் இருக்கே? ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருக்கே? அமெரிக்காவுக்கு ஏன் போகணும்?"

நியாயமான கேள்வி. காரணம் எடை.

இப்படிப்பட்ட செயற்கை கோள்கள், பூமிக்கு மேலே 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பாதையில் கொண்டு போய் விட இந்தியாவின் மிகப் பெரிய ராக்கெட் 'எல்.வி.எம்.-3'. அதன் சக்தி அப்போது சுமார் 4 ஆயிரம் கிலோ. நம் செயற்கை கோளோ 4 ஆயிரத்து 700 கிலோ. 700 கிலோ கூடுதல்!

(அதன் பிறகு 2025 நவம்பர் 2-ந் தேதி அதே எல்.வி.எம்.-3, 4 ஆயிரத்து 410 கிலோ எடையுள்ள செயற்கை கோளைத் தூக்கிச் சென்று சாதனை செய்தது. அதுவும் 4 ஆயிரத்து 700-ஐ எட்டவில்லை.)

முன்பெல்லாம் இப்படிக் கனமான செயற்கை கோள் என்றால் ஐரோப்பாவின் 'ஏரியன்' ராக்கெட்தான் இந்தியாவுக்குக் கை கொடுக்கும். 1981-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி 'ஆப்பிள்' என்ற செயற்கை கோளை அந்த ராக்கெட்தான் ஏற்றிச் சென்றது. சோதனைக்காக மாட்டு வண்டியில் வைத்து இழுத்துச் சென்ற படம் உலகம் எல்லாம் வந்ததே, அதே 'ஆப்பிள்'தான்! 2018-ல், 5 ஆயிரத்து 854 கிலோ 'ஜிசாட்-11' போனதும் ஏரியனில்தான்.

ஆனால் 'ஏரியன்-5' ராக்கெட், 2023 ஜூலையோடு ஓய்வு பெற்று விட்டது. எனவே இந்திய அரசின் 'நியூ ஸ்பேஸ் இந்தியா' நிறுவனம் ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது.

அதில்தான் இந்தப் 'பழைய வண்டி' வந்து சேர்ந்தது.

லோடு இறக்கிய லாரியைக் கடலில் தள்ளுவதா?

ராக்கெட் என்றாலே போனால் போனதுதான் என்று இருந்தது ஒரு காலம். இன்றும் உலகில் பெரும்பாலான ராக்கெட்டுகளின் கதி அதுதான்.

எரிபொருள் தீர்ந்ததும் அடிப்பாகம் கழன்று கடலில் விழும். என்ஜின், டேங்க், கம்ப்யூட்டர் எல்லாம் கடலுக்கு அடியில். சில சமயம் கரை ஒதுங்குவதும் உண்டு. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. "இது என்ன மர்மப் பொருள்?" என்று அங்கே பரபரப்பு. பிறகு பார்த்தால், இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பாகம்!

கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டு வருகிற லாரியை நினைத்துப் பாருங்கள். லோடு இறக்கியதும் லாரியைக் கொண்டு போய் மெரினாவில் தள்ளி விட வேண்டும். அடுத்த லோடுக்குப் புது லாரி. அப்படி ஒரு சட்டம் இருந்தால் கத்தரிக்காய் கிலோ என்ன விலை விற்கும்?

ராக்கெட் சவாரி அந்தக் கணக்கில்தான் நடந்தது. டீசல் செலவு அல்ல, லாரி செலவுதான் பெரிசு!

பால்கன்-9 ராக்கெட்டின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்த அடிப்பாகத்துக்குத்தான் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. அதைக் காப்பாற்றினால் பணத்தைக் காப்பாற்றலாம். நினைப்பது சுலபம். செய்வது?

இரண்டரை நிமிடத்தில் 'டாட்டா'

நள்ளிரவு 12.01-க்குக் கிளம்பிய ராக்கெட்டில் 9 என்ஜின்களும் ஒன்றாக எரிந்தன. மண்ணெண்ணெய் ரகத்தைச் சேர்ந்த எரிபொருள். அதை எரிய வைக்கத் திரவ ஆக்சிஜன். கிளம்பும்போது ராக்கெட்டின் மொத்த எடை ஏறக்குறைய 550 டன். அதில் பெரும்பகுதி எரிபொருளும் ஆக்சிஜனும்தான்.

சுமார் இரண்டரை நிமிடம். 60 கிலோ மீட்டருக்கும் மேலான உயரம். மணிக்கு சுமார் 8 ஆயிரம் கிலோ மீட்டர் வேகம்.

9 என்ஜின்களும் அணைந்தன. அடிப்பாகம் கழன்றது. மேலே இருக்கும் இரண்டாவது அடுக்கு, தன் ஒரே என்ஜினை மூட்டி, இந்திய செயற்கை கோளோடு பறந்தது. அந்த இரண்டாவது அடுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. அது திரும்பி வராது.

செயற்கை கோளை மூடியிருக்கும் கூம்பு, இரண்டு பாதியாகப் பிளந்து விழும். அதைக்கூட விடுவது இல்லை! பாராசூட்டில் கடலில் இறங்க வைத்து, கப்பல் அனுப்பி எடுத்து வந்து விடுகிறார்கள். மறுபடி உபயோகம்!

நெருப்பில் ஒரு குட்டிக்கரணம்

இனிமேல்தான் வேடிக்கை.

தனியே விடப்பட்ட பூஸ்டர், வெற்று வெளியில் ஒரு குட்டிக்கரணம் போடும். தலை மேலே, கால் கீழே என்று திரும்பிக்கொள்ளும். அப்படியே பூமியை நோக்கி விழத் தொடங்கும்.

காற்று மண்டலத்துக்குள் அந்த வேகத்தில் நுழைந்தால் சூடு தாங்காது. அதனால் நுழையும் நேரத்தில் சில என்ஜின்கள் மறுபடி எரியும். அது பிரேக் போடுவது மாதிரி.

தலைப்பக்கத்தில் வலைபோல் ஓட்டை ஓட்டையாக 4 துடுப்புகள் விரியும். காற்றைப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, பூஸ்டரை வழி நடத்துவது அவைதான். எல்லாமே கம்ப்யூட்டர் கணக்கு. கீழே இருந்து யாரும் கைப்பிடி பிடித்து ஓட்டுவது இல்லை.

கடைசிச் சில வினாடிகள். நடு என்ஜின் எரியும். 4 கால்கள் 'சடக்' என்று விரியும். வேகம் பூஜ்யம் ஆகும் நேரமும், கால் தரையைத் தொடும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் ஆபத்து. கொஞ்சம் பிந்தினாலும் ஆபத்து!

ஆள் இல்லாத கப்பல்

சரி, எங்கே வந்து இறங்கியது? கடலில்!

கரையில் இருந்து சுமார் 600 கிலோ மீட்டருக்கு அப்பால். சென்னையில் இருந்து திருநெல்வேலி போகும் தூரம். அட்லாண்டிக் கடலில் ஒரு தட்டையான மிதவைக் கப்பல் காத்துக்கொண்டு நின்றது. நீளம் சுமார் 90 மீட்டர். அகலம் சுமார் 50 மீட்டர். இறங்கும் நேரத்தில் அதில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார்.

கரைக்கே வந்து இறங்கக் கூடாதா? இறங்கலாம். ஆனால் அதற்கு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். கனமான லோடு ஏற்றினால் எரிபொருள் எல்லாம் ஏறுவதற்கே சரியாகப் போய் விடும். அதனால் விழும் இடத்துக்கே கப்பலை அனுப்பி விடுகிறார்கள்.

கப்பலின் பெயர்தான் தமாஷ். 'ஜஸ்ட் ரீட் தி இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்'. "குறிப்பைப் படி, போதும்" என்று அர்த்தம்!

கிளம்பி எட்டரை நிமிடம் இருக்கும். அந்தக் கப்பலின் மேல் தளத்தில் பி 1073 வந்து நின்றது. 19-வது தடவையாக!

34-வது நிமிடம்

பூஸ்டர் வந்து விட்டது. ஆனால் இந்தியாவுக்கு வேண்டியது பூஸ்டர் அல்ல. செயற்கை கோள் என்ன ஆச்சு?

கிளம்பிய சுமார் 34-வது நிமிடத்தில், இரண்டாவது அடுக்கில் இருந்து ஜிசாட்-என் 2 பிரிந்தது. கர்நாடக மாநிலம் ஹாசனில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு நிலையம் உடனே அதைத் தன் கைக்குள் கொண்டு வந்தது. செயற்கை கோள் நலமாக இருப்பதாகத் தகவல் வந்தது. அப்புறம்தான் பெருமூச்சு!

அந்தச் செயற்கை கோளின் ஆயுள் 14 ஆண்டு என்பது கணக்கு. ஒரு வினாடிக்கு 48 ஜிகாபிட் அளவுக்குத் தகவல் அனுப்பும் சக்தி. 32 கற்றைகளாக இந்தியா முழுவதையும் தொடுகிறது. அதில் 8 கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. கேபிள் போக முடியாத மலைக் கிராமத்துக்கு இன்டர்நெட், பறக்கும் விமானத்துக்குள் இன்டர்நெட் - இவைதான் அதன் வேலை.

அத்தனையும் ஒரு பழைய பூஸ்டரை நம்பி ஏற்றப்பட்டது என்பதுதான் விஷயம்.

முதலில் துணிந்தவர் யார்?

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்தது அல்ல.

அமெரிக்காவின் 'ஸ்பேஸ் ஷட்டில்' 1981-ல் இருந்து 2011 வரை 135 தடவை பறந்தது. அதுவும் திரும்பத் திரும்ப உபயோகித்த விமானம்தான். பக்கவாட்டு ராக்கெட்டுகளைக்கூடக் கடலில் இருந்து எடுத்து வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பார்த்து மாட்டும் செலவு எக்கச்சக்கம். எதிர்பார்த்த சிக்கனம் வரவில்லை.

ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனிக்கும் ஆரம்பத்தில் அடிமேல் அடி. 2015 ஜனவரியில் மிதவைக் கப்பலில் இறக்கப் பார்த்தார்கள். மோதி நொறுங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் இறங்கியது, ஆனால் சாய்ந்து விழுந்தது. 2015 டிசம்பரில்தான் முதன் முதலாகத் தரையில் ஒழுங்காக வந்து நின்றது. 2016 ஜனவரியில் மறுபடி கப்பல். ஒரு கால் மடங்கிச் சாய்ந்து வெடித்தது! 2016 ஏப்ரல் 8-ந் தேதிதான் கப்பலில் நிமிர்ந்து நின்ற முதல் பூஸ்டர்.

சரி, திரும்பி வந்தாச்சு. இதில் மறுபடி யார் சாமான் ஏற்றுவார்கள்? வாடிக்கையாளர் வேண்டுமே!

'எஸ்.இ.எஸ்.' என்ற லக்சம்பர்க் நாட்டுக் கம்பெனி முன்வந்தது. 5 ஆயிரத்து 200 கிலோவைத் தாண்டிய தன் செயற்கை கோளை, 2016 ஏப்ரலில் திரும்பி வந்த அதே பூஸ்டரில் ஏற்றியது. 2017 மார்ச் 30-ந் தேதி மாலை. ராக்கெட் கிளம்பியது. செயற்கை கோள் போக வேண்டிய பாதைக்குப் போனது. பூஸ்டர் இரண்டாவது தடவையும் கப்பலில் வந்து நின்றது!

உலகில் ஒரு பெரிய ராக்கெட்டின் அடிப்பாகம் இரண்டாவது தடவை பறந்து ஒரு செயற்கை கோளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது அதுதான் முதல் முறை. 'பழைய ராக்கெட்' என்பதற்காக இன்சூரன்ஸ் பிரீமியம் பெரிதாக ஏறவில்லை என்று எஸ்.இ.எஸ். கம்பெனி சொன்னது. இன்சூரன்ஸ்காரர்களே நம்பினால் வேறு யார் நம்ப மாட்டார்கள்?

2021 ஏப்ரலில் மனிதர்களே பழைய பூஸ்டரில் ஏறி விண்வெளிக்குப் போனார்கள். 2025-ல் ஒரு பூஸ்டர் 30 தடவை பறந்து விட்டது.

விழுந்ததும் உண்டு

"பழசு ஒரு நாள் காலை வாராதா?" என்று கேட்டால், வாரியிருக்கிறது.

2024 ஆகஸ்டு 28-ந் தேதி, 23-வது தடவை பறந்த ஒரு பூஸ்டர், கப்பலில் இறங்கும்போது சாய்ந்து தீப்பிடித்தது. ஏற்றிச் சென்ற செயற்கை கோள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை போய்ச் சேர்ந்து விட்டன. வண்டி மட்டும் போச்சு!

அதற்கு முந்தைய மாதம் நடந்தது இன்னும் விசித்திரம். 2024 ஜூலை 11-ந் தேதி இரவு ஒரு பால்கன்-9 தோல்வி அடைந்தது. 20 செயற்கை கோள்கள் வீணாயின. எந்தப் பாகம் கோளாறு? இரண்டாவது அடுக்கு! திரவ ஆக்சிஜன் கசிவு. அதாவது கோளாறு செய்தது புத்தம் புதுப் பாகம். பழைய பூஸ்டர் தன் வேலையை முடித்து விட்டுச் சமர்த்தாகக் கப்பலில் வந்து நின்று கொண்டிருந்தது!

இதில் ஒரு ரகசியம் உண்டு. புதுப் பாகத்தில் என்ன குறை இருக்கிறது என்பது பறந்த பிறகுதான் தெரியும். கடலில் விழுந்தால் அதுவும் தெரியாது. திரும்பி வந்த பாகத்தை மேஜையில் போட்டுப் பார்க்கலாம். எங்கே தேய்ந்தது, எங்கே கருகியது, எங்கே விரிசல் என்று கையால் தடவிப் பார்க்கலாம்.

புதுப்பேட்டை கடைக்காரரைக் கேட்டால் இதையேதான் சொல்வார். "சாமான் பழசா புதுசாங்கறது இல்லே சார். பார்த்து வாங்கினீங்களா, பார்க்காம வாங்கினீங்களா? அதான் விஷயம்."

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. அதில் ஓர் இந்தியரின் உயிர் சம்பந்தப்பட்டிருந்தது.

'கசிவு நிற்காமல் கிளம்பக் கூடாது!'

2025 ஜூன் மாதம். இந்திய விமானப்படை அதிகாரி சுபான்சு சுக்லா, வேறு 3 பேருடன் சர்வதேச விண்வெளி நிலையம் போகத் தயாராக இருந்தார். அதே பால்கன்-9 ராக்கெட். அதன் பூஸ்டரும் ஏற்கனவே ஒரு தடவை பறந்து வந்ததுதான்.

கிளம்புவதற்கு முன்பு, ராக்கெட்டைக் கட்டிப் போட்டு என்ஜினை எரிய விட்டுச் சோதித்தார்கள். சோதனைக்குப் பிறகு பார்த்தால், பூஸ்டரில் திரவ ஆக்சிஜன் கசிகிறது!

அது புதிய கசிவும் அல்ல. முந்தைய பயணத்தின்போதே தெரிந்தது என்றும், பராமரிப்பில் அது முழுவதும் சரி செய்யப்படவில்லை என்றும் கம்பெனி அதிகாரியே நிருபர்களிடம் சொன்னார்.

அப்போது புளோரிடாவில் இருந்தவர் இஸ்ரோ தலைவர் வி.நாராயணன். குமரி மாவட்டத்துக்காரர். ராக்கெட்டுக்குத் திரவ எரிபொருள் என்ஜின் செய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். கசிவு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை.

கசிவைச் சரி செய்ய வேண்டும், சரி செய்ததைச் சோதித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கிளம்ப வேண்டும் என்பது இஸ்ரோ குழுவின் நிலை. ஜூன் 11-ந் தேதி நடக்க இருந்த பயணம் தள்ளிப் போடப்பட்டது. கசிவு சரி செய்யப்பட்டது. விண்வெளி நிலையத்திலும் வேறொரு கசிவைப் பார்க்க வேண்டியிருந்ததால் இன்னும் சில நாள் தாமதம்.

2025 ஜூன் 25-ந் தேதி. இந்திய நேரப்படி பகல் 12 மணி 1 நிமிடம். அதிசயம் பாருங்கள், செயற்கை கோள் கிளம்பியது நள்ளிரவு 12.01. இது பகல் 12.01!

ராக்கெட் கிளம்பியது. பூஸ்டர் கரைக்கே வந்து தரையில் இறங்கியது. சுக்லா மறுநாள் விண்வெளி நிலையத்தில் கால் வைத்தார். ஜூலை 15-ந் தேதி பத்திரமாகத் திரும்பினார்.

இரண்டு வாரத் தாமதம் பெரிசா, 4 உயிர் பெரிசா? பழைய வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

நம்ம ஊரில் எப்போது?

இந்தியாவிலும் வேலை நடக்கிறது.

கர்நாடக மாநிலம் சித்ரதுர்காவில், இறக்கை வைத்த ஒரு சின்ன விண்கலத்தை ஹெலிகாப்டரில் நாலரை கிலோ மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போய் விட்டார்கள். அது தானாகவே பறந்து வந்து ரன்வேயில் இறங்கியது. 2023 ஏப்ரலில் ஒன்று, 2024 மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று என்று 3 சோதனைகள். மூன்றாவது சோதனையில் பறந்தது, இரண்டாவது சோதனையில் பறந்த அதே உடல். மாற்றம் எதுவும் செய்யவில்லை. இந்தியாவின் 'பழைய வண்டி' இதுதான்!

அடுத்த சோதனை நம் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில். 2025 ஜனவரி 17-ந் தேதி, 'விகாஸ்' என்ற என்ஜினை 60 வினாடி எரிய விட்டார்கள். அணைத்தார்கள். 120 வினாடி சும்மா விட்டார்கள். மறுபடி மூட்டினார்கள். 7 வினாடி எரிந்தது!

"ஏழே வினாடியா?" என்று அலட்சியம் வேண்டாம். திரும்பி வரும் ராக்கெட்டுக்கு உயிர் நாடியே அதுதான். அணைந்த என்ஜின் நடுவானில் மறுபடி எரிந்தால்தான் பிரேக். எரியாவிட்டால் கடல்தான்.

திரும்பி வந்து இறங்கும் அடிப்பாகத்தோடு புதிய ராக்கெட் ஒன்றைச் செய்ய மத்திய அரசு 2024 செப்டம்பரில் 8 ஆயிரத்து 240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கான 3-வது ஏவுதளத்தை ஸ்ரீஹரிகோட்டாவில் கட்ட, 2025 ஜனவரியில் சுமார் 3 ஆயிரத்து 985 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது.

சென்னைவாசிகளுக்கு ராக்கெட் புதிசு இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பினால், வானம் தெளிவாக இருக்கிற நாளில் மொட்டை மாடியில் இருந்தே வடக்கே அந்த நெருப்புப் புள்ளி தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டி விட்டு, மறைந்ததும் கீழே இறங்கி விடுவார்கள்.

அந்தப் புதிய ராக்கெட் வந்து விட்டால் அப்படி இறங்கி விட முடியாது. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

போன நெருப்பு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?